துளசிமணிக்குக் குடுத்த மூணு செண்டு

வாங்க தம்பி, இப்படி நெழலுக்கு வாங்க. உங்க ஆளுக அந்த முக்காலியைக் கழட்டி வேன்ல ஏத்தட்டும், அதுக்குள்ள ஒரு டம்ளர் மோர் குடிங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்குது. காலையில இருந்து அந்த இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டு, பாவம், அவிகளுக்கும் தோளெல்லாம் கழண்டிருக்கும்.

என்னங்க, வேற எங்கியாச்சும் ஒரு குழி போடணுமான்னு மறுபடியும் கேக்கறீங்க. வந்ததும் கேட்டீங்க, மொதக் குழி முடிஞ்சதும் கேட்டீங்க. வேண்டாங்க. ரெண்டு போட்டாச்சு, ரெண்டுலயும் சுக்கான் பாறை வந்துருச்சு. அதுக்கு மேல குழாய் எறங்கவே மாட்டேன்னுருச்சு, நீங்களே பாத்தீங்க. ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு, முன்னால செருப்பு வுடற அளவுக்கு ஒரு சிட்டவுட்டு. அதுக்கு இது பத்தாதுங்களா. என்ற தங்கச்சி என்ன கல்யாண மண்டபமா கட்டப் போறா.

உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க, மொதல்லயே சொல்லீர்றேன். நீங்க உங்க சோலியைப் பாக்க வந்தவங்க. என்ற கோவமெல்லாம் பிரதீபா மேல. தங்கச்சி மகதான். ஈரோட்டுல ஏதோ ஆபீஸ்ல இருக்கறா. அங்க எவனோ சொல்லீருக்கறான், அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னால மண்ணைப் பரிசோதனை பண்ணோணும்னு. உடனே எனக்குப் போனு. "மாமா, மண்ணு டெஸ்ட் பண்றவங்களை வரச் சொல்லீருக்கறேன், நீங்க கூட நின்னு எடத்தைக் காட்டீருங்க"ங்கறா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு தம்பி. இந்த ஊர்ல எத்தனை பேர் ஊடு கட்டீருக்கறாங்க. மேஸ்திரி வருவாரு, கடப்பாறையில நாலு போடு போடுவாரு, காலால ஒரு மிதி மிதிப்பாரு, "நாலடி போதுங்க"ம்பாரு, நூல் கட்டிருவாங்க. எவனும் மண்ணைக் கவர்ல போட்டுப் பேரெழுதிக் கொண்டுட்டுப் போனதில்ல. அதுவும் இது காசு குடுத்து வாங்குன சைட்டா? தாய்மாமன் குடுத்த மண்ணு. அதுக்கு டெஸ்ட்டு. நாளைக்கு என்னையவே கவர்ல போட்டு அனுப்புவா போலிருக்குது.

நான் குடுத்தது எப்படின்னு உங்களுக்குத் தெரியாதில்லீங்க. மாப்பிள்ளை, அதுதான் துளசிமணி ஊட்டுக்காரரு, பவானியில பஸ் கம்பெனில மெக்கானிக்கு. நல்ல மனுசன். நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அவிக இருந்தது லைன் ஊடு, வாடகைக்கு. காரியத்தன்னைக்கு ஒறம்பரை அத்தனை பேரும் உக்காந்திருக்கறாங்க. இனி இந்தப் புள்ளையை வெச்சுட்டு இவ எங்க போவான்னு ஆளுக்கொரு பேச்சு. எந்திரிச்சு நின்னேன். "என்ற பொறந்தவ இனி வாடகை ஊட்டுல இருக்கக் கூடாது. நம்ப தோட்டத்துல மூணு செண்டு எழுதித் தர்றேன், ஊடு கட்டிக்கிட்டு என்ற கண்ணு முன்னால இருக்கட்டும்"னு சபையில சொன்னேன்.

எல்லாரும் "சென்னியப்பன் மனுசன்டா"ன்னாங்க. பெரியவங்க வந்து கையைப் புடிச்சுக்கிட்டாங்க. துளசி மூலையில தலைக்கு முக்காடு போட்டு உக்காந்திருந்தவ, ஏறிட்டு ஒரு பார்வை பாத்தா. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, இந்த ஒலகத்துல என்னைய வுட்டா ஆளில்லைன்னு இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, இருந்துச்சு.

அப்பறம் கார்ல வரும்போது சிவகாமி, என்ற சம்சாரம், ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. "எந்த மூணு செண்டுங்க?" அவ்வளவுதான் கேட்டா. நான் அதை யோசிக்கவே இல்லீங்க. தார் ரோட்டோரம் இருக்கற துண்டு, அதோ அந்தப் பனைமரத்துக்குப் பக்கத்துல தெரியுது பாருங்க, அது என்ற பையன் கோகுலுக்கு. வண்டி ரிப்பேர் கடை வெக்கறேன்னு ரெண்டு வருசமா சொல்லீட்டு இருக்கறான். ரோட்டோரம் போச்சுன்னா அவன் சும்மா இருப்பானா. நடுவால தென்னை. அப்படீன்னா மிச்சம் இந்தப் பின்னால இருக்கற மூலைதான். சிவகாமி மேல பழியைப் போட மாட்டேன். இந்த எடம்னு காட்டுனது என்ற கைதான்.

ஏனுங்க, மோரு அப்படியே இருக்குது. புளிச்சிருக்குதுங்களா?

இதுல முன்னால என்ன இருந்துச்சுன்னா... வாழை இருந்துச்சுங்க. அதுக்கு முன்னால சோளம். உங்க ஆளு கால்ல அந்தக் கெழக்குப் பக்கம் ஏதோ பைப்பு தட்டுச்சுன்னாரே, அது சொட்டு நீர்ப் பைப்பு. பழசு. அதையெல்லாம் நீங்க கணக்குல எடுக்காதீங்க.

துளசியைப் பத்திச் சொல்லீட்டு இருந்தேன். அவ எதுவும் கேக்காதவ தம்பி. சின்னதுல இருந்தே அப்படி. எங்கப்பன் போனப்பறம் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கோணும்னு சொன்னேன். இங்கெல்லாம் அப்படித்தான், பொம்பளைப் புள்ளைக எழுதிக் குடுத்துருவாங்க, நாம சீரு செய்யறோமில்ல. பஸ்ஸேறி வந்தா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பேனாவைக் கையில வாங்கிட்டு, "எங்கண்ணா போடணும்"னா. எங்க போடணும்னுதான் கேட்டா. என்ன எழுதியிருக்குதுன்னு கேக்கலை. போட்டுட்டு, வெளிய வந்து கோகுலுக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கிக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டா. சட்டம் பேசீருந்தா இந்தத் தோட்டத்துல பாதி அவளுது. அதை நெனச்சுத்தான் மூணு செண்டு குடுத்தேன். பெரிய மனசோட குடுத்தேன்.

ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கியோ ஒரு எடத்துல பழைய கெணறு இருந்து, அதை மூடி, அதுக்கு மேல ஊடு கட்டுனா என்னாகுமுங்க? சும்மா கேக்கறேன். பல்லடம் பக்கம் ஒருத்தரு அப்படிக் கட்டீருக்கறாரு.

எதைப் போட்டு மூடுனாங்கங்கறதைப் பொறுத்துன்னு சொல்றீங்க. சரி, குப்பையைப் போட்டு மூடீருந்தா? ஒரு மழை ரெண்டு மழை தாங்கும், அப்பறம் ஒரு பக்கமா எறங்கும். சரீங்க. சுவரு குறுக்க விரியும். ம். ஆளுக உள்ள இருக்கறப்ப ஏதாச்சும் ஆகுமுங்களா? ஆகாதுன்னு சொல்ல முடியாதுன்னா அதுக்கு என்னங்க அர்த்தம். ஆகுமுன்னுதான அர்த்தம்.

கெணத்துக்கு அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்கு கான்கிரீட்டுல பீம் போட்டா நிக்குங்களா. நிக்கும், ஆனா அந்தச் செலவுல இன்னொரு ஊடே கட்டலாம்ங்கறீங்க. அவகிட்ட அவ்வளவு எங்க இருக்குது. மாப்பிள்ளை கம்பெனில இருந்து வந்ததும், பிரதீபா லோன் போட்டதும், அதுதான் மொத்தமும்.

தம்பி, இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க. உங்க ஆளுக காதுல வுழுக வேண்டாம்.

அந்த மூலையில கெணறு இருந்துச்சுங்க.

எங்கப்பன் தோண்டுனது. துளசிக்குக் கல்யாணமாகிப் போனதுக்குப் பின்னால தோண்டுனது, அதனால அவளுக்கு அதெல்லாம் தெரியாது, வந்தாலும் ஊட்டோட போயிருவா, தோட்டத்துப் பக்கம் வர்றதில்ல. தோண்டித் தோண்டிப் பாத்தாரு, வெறும் பாறை. தண்ணி சொட்டுக்கூட வரலை. மனுசன் அதோட ஒடைஞ்சு போயிட்டாரு. அவரு போனப்பறமும் அது வாயைத் தொறந்துட்டே கெடந்துச்சு. ஒருக்கா செனை மாடு ஒண்ணு உள்ள வுழுந்துருச்சுங்க. மேல எடுக்கறதுக்குள்ள செத்துப் போச்சு. அன்னைக்கே மூடீர்றதுன்னு முடிவு பண்ணேன். அது தப்பில்லையே. எதைப் போட்டு மூடறது, அவ்வளவு மண்ணுக்கு எங்க போறது. திருப்பூர்ல பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட்டு லாரி லாரியாக் கெடந்துச்சு, தூக்கிட்டுப் போனாப் போதும்னு சொன்னாங்க. கொண்டாந்து கொட்டுனேன். அத்தனையும் துணி. அதுக்கு மேல ஒடஞ்ச செங்கல்லு, மேல ரெண்டு லோடு செம்மண்ணு. மூச்சு வுடறதுக்குன்னு நடுவுல ஒரு பைப்பு நட்டு வெச்சோம். கெணத்தை மூடுனா அப்படி வெக்கோணும், இல்லீன்னா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க.

உங்க ஆளு கால்ல தட்டுனது அந்தப் பைப்புத்தான். போன மாசம் நாந்தான் அதை மண்ணு மட்டத்துக்கு அறுத்து வுட்டேன். நீங்க வர்றீங்கன்னு பிரதீபா சொன்னதுக்கு மறுநாள். சிவகாமிக்குக்கூடத் தெரியாது. ரம்பம் போடறப்ப நடுவுல ஒருக்கா நிறுத்தீட்டேன் தம்பி. கெணறு மூச்சு வுட வெச்ச பைப்பை அறுக்கறமேன்னு நிறுத்துனனா, தங்கச்சி கழுத்தை அறுக்கறமேன்னு நிறுத்துனனா, எனக்கே தெரியலை. ஆனா அறுத்தேன்.

இனி எறங்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எட்டு வருசமாச்சு, எத்தனை மழை பேஞ்சிருக்குது, இந்நேரம் கெட்டியாயிருக்கும்னு. காலுல மிதிச்சுப் பாத்தேன், கெட்டியாத்தான் இருந்துச்சு. மேஸ்திரியும் மிதிச்சுப் பாத்துட்டு நல்லாருக்குதுன்னாரு. மூணு செண்டுல முக்கால்வாசி கெணறுதான். அதனாலதான் உங்களை மேக்கால வேலி ஓரமாவே ரெண்டு குழியும் போடச் சொன்னேன். அங்க சுக்கான்னு எனக்குத் தெரியும். வேலிக்கல்லு நடறப்பவே பாத்திருக்கறேன்.

இப்ப நீங்க ஒண்ணும் பொய் எழுத வேண்டாம். எடுத்த ரெண்டு குழிக்கு என்ன வருதோ அதை எழுதிக் குடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது. சபையில சொன்னதுங்க. இப்பப் போய் அந்த எடம் ஆகாது, ரோட்டோரம் தர்றேன்னு சொன்னா, மொதல்லயே ஏன் இதைக் குடுத்தேன்னு கேக்க மாட்டாங்களா. கெணத்தைத் தங்கச்சி தலையில கட்டுனவன்னு ஆயிருமில்ல. கோகுலு ஒரு பக்கம் குதிப்பான். வேற ஏதாச்சும் சாக்குச் சொல்லி, அந்த மூலையில ஊடு வராம நானே பாத்துக்கறேன். எப்படிப் பாத்துக்குவேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது. பாத்துக்கறேன். துளசிக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

என்ன சொன்னீங்க?

இன்னொருக்காச் சொல்லுங்க. துளசிமணி உங்களுக்குப் போன் பண்ணுனாளா. அவளே பண்ணுனாளா. முந்தாநாளா?

அந்த மூலையில கெணறு இருந்துச்சுன்னு அவ சொன்னாளா.

அவளுக்கு எப்படீங்க தெரியும். அவதான் பவானிக்குப் போயிட்டாளே. பூசை போட்டு மொத மம்முட்டி மண்ணு அள்ளுனதே அந்தம்மாதானாமேன்னு என்னையக் கேக்கறீங்க. இருங்க. இருங்க தம்பி.

ஆமாங்க. அவதான். கெணறு வெட்டறதுன்னா அந்த ஊட்டுல பொறந்த பொம்பளைப் புள்ளையைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கோணும், அது எங்க வழக்கம். பிரதீபாவை இடுப்புல வெச்சுட்டு வந்தா, அப்பக் கைப்புள்ளை. மம்முட்டியை எங்கப்பன் அவ கையிலதான் குடுத்தாரு. புள்ளையை நான் வாங்கி வெச்சுட்டேன். நான் பக்கத்துலயே நின்னேன் தம்பி. தண்ணி வராமப் போனப்ப, "எந்த ராசிகெட்ட கை பட்டுச்சோ"ன்னு இந்த ஊட்டுல பேசுனது எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்குது. அந்தக் கை அவ கைங்கறது மட்டும் மறந்து போச்சு. அப்படியும் ஒரு மறதி இருக்குமா.

அப்ப அந்த எடம்னு தெரிஞ்சேதான் வாங்கிட்டாளா. பத்திரம் எழுதறப்பவும் தெரியும். நூல் புடிச்சு அளக்கறப்பவும் தெரியும். நான் நின்னு நாலு மூலையும் காட்டறேன், தலையை ஆட்டிட்டு நிக்கறா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல, ஏண்ணா இது கெணறல்லன்னு. அண்ணன்கிட்டக் கேக்கறதுக்கு என்ன. சொல்லாம வெச்சிருந்து என்னையச் சோதிச்சுப் பாக்கறாளா.

சரி, உங்ககிட்ட என்னதான் சொன்னா. அதைச் சொல்லுங்க.

அண்ணன் எந்த எடத்தைக் காட்டறாரோ அங்கயே போடுங்க. நீங்களா அவரை ஒண்ணும் கேக்காதீங்க. அவரு கெணத்து மேல காட்டலைன்னா ஊடு கட்டற பேச்சையே வுட்டர்றோம், மேக்கால வேலி ஓரமா ரெண்டு பேருக்கு ஒரு தகர ஷெட்டுப் போட்டுக்கறோம். பிரதீபாகிட்ட நான் சொல்லிக்கறேன். இப்படியா சொன்னா.

தகர ஷெட்டு.

இந்த வெயில்ல, வயசுப் புள்ளையை வெச்சுட்டு, தகரத்துக்குக் கீழ. என்ற கண்ணு முன்னால. நான் தெனமும் மாட்டுக்குத் தண்ணி காட்ட வர்றப்ப அவ அந்த ஷெட்டு வாசல்ல நின்னு, "வாங்கண்ணா"ம்பா. ஏண்டி ஊடு கட்டலைன்னு யாராச்சும் கேட்டா, காசு பத்தலைன்னு சொல்லீருவா. எனக்கு ஒரு சொல்லு வராமப் பாத்துக்குவா. சபையில நான் வாங்குன பேரை அவ காப்பாத்திக் குடுப்பா தம்பி. அவ சோதிக்கற ஆளில்ல. அப்படிச் சொன்னதுக்கு என்ற வாயைத்தான் அறையோணும்.

அவ கேக்க வேண்டாம்னு சொல்லியுமா நீங்க மூணு வாட்டி கேட்டீங்க.

உங்க ஆளுகளைக் கூப்புடுங்க. முக்காலியை எறக்கச் சொல்லுங்க. பசிக்குதும்பாங்க, எனக்குத் தெரியும், சோறு நம்ப ஊட்டுலதான், சிவகாமிகிட்டச் சொல்லி ஒல வெக்கச் சொல்றேன். எந்திரிங்க தம்பி. நான் வந்து காட்டறேன். எனக்குத்தான் தெரியும், நடுவு எங்கன்னு.

இதோ, இங்க. இந்த அறுத்த பைப்பு முனை தெரியுதா, கையை வெச்சுத் தடவிப் பாருங்க. இதுக்கு ஒரு முழம் தள்ளிப் போடுங்க.

குண்டைத் தூக்கவே வேண்டாங்கறீங்களா. ஆமா, குழாய் தானாவே போகுது. இந்தச் செங்கல்லுச் சல்லியைத் தாண்டுனப்பறம் வெண்ணெய்ல கம்பி எறங்கறாப்பல போகுது. இதுக்கு மேலதான் அவ சமையக்கட்டு வந்திருக்கோணும். நான் நூல் புடிச்சுக் காட்டுன எடம். போதும், மேல இழுங்க. ம்... பாத்தீங்களா. பனியன் துணி. செவப்பு, ஊதா, அப்படியே இருக்குது, நெறம்கூட முழுசாப் போகலை. நாத்தம் வருது பாருங்க. இதையும் கவர்ல போடுங்க. எடம்னு கேட்டு எழுதற எடத்துல கெணறுன்னே எழுதுங்க. மூலைன்னு எழுதாதீங்க. யாரு காட்டுனாங்கன்னு எழுதறதா இருந்தா என்ற பேரை எழுதுங்க.

நீங்க வேலையை முடிங்க. முடிச்சுட்டு டேப்பை எடுத்துட்டு வாங்க, ரோட்டோரம் போய் அளந்துருவோம். அங்க மண்ணு நல்லாருக்குமான்னு அதையும் குத்திப் பாத்துச் சொல்லீருங்க. கோகுலு சாயங்காலம் வருவான். வந்தான்னா சண்டைதான். சிவகாமி சண்டை போட மாட்டா, பேச மாட்டா, அது அதை வுடக் கஷ்டம். என்னமோ பண்ணட்டும். இந்த வயசுல நான் வேற எதுக்குத் திட்டு வாங்கறது.

அவளுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க தம்பி. என்ற போன்ல இருந்தே போடுங்க, துளசின்னு இருக்கும். எனக்கு எழுத்துத் தெரியலை, கண்ணு மங்கலா இருக்குது.

அலோ. துளசி. நாந்தான். ஆமா, வந்திருக்கறாங்க. ம். கெணத்து மேலதான் போட்டுப் பாத்தோம் தாயி. கேக்குதா. நாந்தான் காட்டுனேன். மொதல்ல காட்டலை, இப்பக் காட்டுனேன். அந்த எடம் உனக்கு வேண்டாம். ரோட்டோரம் இருக்கறதை எழுதித் தர்றேன், அங்க கட்டு. பனைமரத்துக்குப் பக்கத்துல. துளசி, ஏதாச்சும் பேசு.

இருங்க, என்னமோ சொல்றா.

அப்ப கோகுல் எங்கண்ணா கடை வெப்பான்னு கேக்கறா.

இந்தாங்க, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க.